தொழில்நுட்ப எடிட்டர்களுக்குப் பயிற்சி: ஆறு மாதத் திட்டத்தில் எதை வைப்பது, எதை விடுவது?

படி7

வணக்கம். இயந்திரங்களின் இயக்கக் கையேடு, நிறுவல் குறிப்பு, பராமரிப்பு அட்டவணை இவற்றையெல்லாம் எடிட் செய்யும் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சித் திட்டம் போட வேண்டியிருக்கிறது. மொத்தம் மூன்று பேர். ஒருவர் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்த்து வந்தவர். மொழியில் கை தேர்ந்தவர், ஆனால் அட்டவணையின் கூட்டுத்தொகை தப்பாக இருந்தால் கண்ணில் படாது. மற்ற இருவரும் பொறியியல் படித்தவர்கள். எண் தவறினால் பிடித்துவிடுவார்கள், வாக்கியத்தில் கை வைத்தால்தான் பொருள் மாறிப்போகிறது.

வாரத்துக்கு ஆளுக்கு நான்கு மணி நேரம், ஆறு மாதம் ஒதுக்கலாம். ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலம், கொஞ்சம் தமிழ்.

தெரிய வேண்டியவை இவை. இப்போது யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை எப்படி அளப்பது? சான்றிதழ், படிப்பு இவற்றில் எது பயன்படும்? எடிட்டருக்குத் துறை அறிவு எவ்வளவு வேண்டும்? தமிழ் ஆவணங்களுக்குத் தனிப் பயிற்சி தேவையா? நடைக் கையேட்டை (எழுத்து நடை விதிகளின் தொகுப்பை) முழுக்கப் படிக்கச் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சரியா?

---

வரிவரி

நடைக் கையேட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முழுக்கப் படித்தாலும் நான்கு வாரத்தில் மறந்துவிடும். எந்த விதி எங்கே இருக்கிறது, எந்தச் சந்தேகம் வந்தால் அதைப் புரட்ட வேண்டும் என்பது தெரிந்தால் போதும். சந்தேகமே வராதவருக்குக் கையேடு உதவாது. அந்தச் சந்தேகத்தை வரவழைப்பதுதான் பயிற்சி.

முதல் வாரத்திலேயே பிழை விதைத்த பிரதி ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஏற்கெனவே சரிபார்த்து வெளியான ஆவணத்திலிருந்து சுமார் 2000 சொல் எடுத்து, அதில் 25 பிழைகளை வேண்டுமென்றே போட வேண்டும். இப்படிப் பிரிக்கலாம்:

- எழுத்து, இலக்கணம்: 8
- எண், அலகு: 5
- குறுக்குச் சுட்டு (‘படம் 4ஐப் பார்க்க’ என்று இருக்கும், படம் 4 வேறு எதையோ காட்டும்): 4
- உரைக்கும் அட்டவணைக்கும் முரண்: 4
- படிகளின் வரிசை: 2
- எச்சரிக்கை விடுபட்டது, தப்பான இடத்தில் வந்தது: 2

போட்ட பிழைகளின் பட்டியலை வரி எண்ணோடு தனியே வைத்துக்கொள்ளுங்கள். 75 நிமிடம் கொடுங்கள். திருத்தங்கள் எல்லாம் மாற்றம் தெரியும் முறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பிட முடியாது.

மதிப்பெண்ணை இரண்டு எண்களாக வைக்க வேண்டும், கூட்டவே கூடாது. 25இல் எத்தனை பிடித்தார் என்பது ஒன்று. சரியாக இருந்ததில் எத்தனையைத் தப்பாக்கினார் என்பது இன்னொன்று. உங்கள் பொறியியல் ஆட்களின் சிக்கல் இரண்டாவது எண்ணில்தான் தெரியும். 20 பிழை பிடித்து 6 புதுப் பிழை போட்டவரை 17 பிடித்து ஒன்றும் போடாதவரைவிடச் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. தொழில்நுட்பப் பிரதியில் எடிட்டர் போடும் பிழைதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

விதைக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. பிழைகளை முதல் பாதியிலேயே குவித்துவிடுவார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கில் குறைந்தது எட்டாவது இருக்கட்டும், கவனம் சோர்வது அங்கேதான். ஒரே வரியில் இரண்டு பிழை வரும்படி ஓரிரு இடம் வையுங்கள். முதலாவதைத் திருத்திய திருப்தியில் இரண்டாவதைத் தாண்டிப் போவது எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூலத்திலேயே உங்களுக்குத் தெரியாத பிழை இருந்து யாராவது பிடித்தால் அதைப் பட்டியலில் சேர்த்து எல்லோருக்கும் மறுபடி மதிப்பிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் விதைத்தால் அவர் கை எங்கே போகும் என்பதை மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளை மாற்றுங்கள்.

எட்டு வாரத்துக்கு ஒரு முறை புதிய ஆவணத்தில் இதே பிரிவுகள், இதே எண்ணிக்கை. மொத்த மதிப்பெண்ணைவிட எந்த வகையில் விட்டார் என்பதைப் பாருங்கள். எண்ணில் 5க்கு 1, மொழியில் 8க்கு 8 என்று வந்தால் அவருடைய அடுத்த எட்டு வாரத்துக்கு என்ன பாடம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

---

அளவுகோல்

மெய்ப்பு பார்த்து வந்தவருக்கு எண் கண்ணில் படாததற்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. வாக்கியத்தைப் பொருளுக்காகப் படிக்கும்போது எண்ணை மூளை ஒரு வடிவமாக மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஆகவே ‘கவனமாகப் படியுங்கள்’ என்று சொல்லிப் பயனில்லை. எண்ணுக்கென்று தனிச் சுற்று வேண்டும், அந்தச் சுற்றில் வாக்கியத்தைப் படிக்கவே கூடாது.

செய்யும் முறை: தேடல் வசதியால் எல்லா இலக்கங்களுக்கும் வண்ணம் போடுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு எண்ணிடமும் நான்கு கேள்வி. அலகு இருக்கிறதா? இதே அளவு வேறு எங்காவது வருகிறதா, வந்தால் ஒத்துப்போகிறதா? எந்த மூலத்திலிருந்து வந்தது? பொருளை நினைத்துப் பார்த்தால் நம்பும்படி இருக்கிறதா? நான்காவது கேள்விக்குத்தான் துறை அறிவு வேண்டும். மற்ற மூன்றுக்கும் பொறுமை போதும்.

மாதிரிப் பயிற்சிக்கு இந்தப் பிழைகளை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் உண்மையான கையேடுகளில் வரும் வகைதான்.

வெப்பநிலை உயர்வு. ‘10 டிகிரி செல்சியஸ்வரை உயரலாம்’ என்பதை ஃபாரன்ஹீட்டில் தருகிறவர் மாற்றுக் கருவியில் 10ஐப் போட்டு 50 என்று எழுதிவிடுவார். 10 டிகிரி செல்சியஸ் என்ற வெப்பநிலைக்கு அது சரி. உயர்வுக்கு 1.8ஆல் பெருக்கினால் போதும், 18தான் விடை. 32ஐக் கூட்டக் கூடாது. இலக்கணம் சுத்தமாக இருக்கும், வாக்கியம் அழகாக இருக்கும், ஆனால் விடை தப்பு.

முறுக்கு விசை. உரையில் 25 நியூட்டன் மீட்டர், அட்டவணைத் தலைப்பில் கிலோகிராம் விசை மீட்டர். 1 கிலோகிராம் விசை மீட்டர் என்பது 9.80665 நியூட்டன் மீட்டர். அட்டவணையை நம்பி முறுக்குகிறவர் கிட்டத்தட்ட பத்து மடங்கு விசை கொடுப்பார், போல்ட் அறுந்துவிடும்.

அழுத்தம். அளவி காட்டும் அழுத்தமா, முழு அழுத்தமா என்று சொல்லாமல் விடுவது. இரண்டுக்கும் இடையே ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது 101.325 கிலோபாஸ்கல் வித்தியாசம்.

மில்லியும் மெகாவும். குறியீட்டில் சின்ன எம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய எம் என்றால் பத்து இலட்சம். தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தாக்கும் வார்ப்புரு ஒன்று இருந்தால் மில்லியெல்லாம் மெகா ஆகிவிடும். இந்தத் தப்பு ஆசிரியர் கையாலும் எடிட்டர் கையாலும் வராது, வடிவமைப்பால் வரும். ஆகவே எண் சுற்றை வடிவமைப்பு முடிந்த பிறகும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

முழுமையாக்கல். ‘சுமார் 10 அடி’யை 3.048 மீட்டர் என்று எழுதினால் மூலத்தில் இல்லாத துல்லியம் வந்து உட்கார்ந்துவிடும். ‘சுமார் 3 மீட்டர்’ போதும். ஆனால் பாதுகாப்பு வரம்பு என்றால் கணக்கு வேறு. அதிகபட்சம் 150 பிஎஸ்ஐ என்பது 1034.2 கிலோபாஸ்கல். உச்ச வரம்பைக் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும், 1030 என்று. குறைந்தபட்ச வரம்பை மேல்நோக்கி. வழக்கமான நாலுக்குக் கீழ், ஐந்துக்கு மேல் விதி இங்கே செல்லாது.

சதவீதம். 4 சதவீதம் 6 சதவீதம் ஆனால் உயர்வு 2 சதவீதப் புள்ளி, அல்லது 50 சதவீதம். ‘2 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் படிப்பவர் 4.08 என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

துறை அறிவு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். இயந்திரத்தை வடிவமைக்கும் அளவுக்கு வேண்டாம், இயக்கும் அளவுக்கு வேண்டும். மாதம் ஒரு சாதனம் எடுத்துக்கொண்டு, கையேட்டை மட்டும் கையில் வைத்து ஒரு நடைமுறையை எடிட்டரே செய்து பார்க்கட்டும். பக்கத்தில் தொழிலாளி ஒருவர் நிற்கலாம், கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். எடிட்டர் வாய் திறந்து கேட்ட ஒவ்வொரு படியும் ஆவணத்தில் ஓட்டை. அபாயமான வேலை என்றால் எடிட்டர் படிக்க, தொழிலாளி செய்யட்டும்.

எச்சரிக்கைச் சொற்களையும் தனிப் பாடமாக வையுங்கள். கையேடுகளில் பாதுகாப்பு எச்சரிக்கை எழுதுவதற்கான அமெரிக்கத் தரமான இசட்535.6இல் வரிசை தெளிவாக இருக்கிறது. தவிர்க்காவிட்டால் சாவோ கடும் காயமோ நேர்ந்தே தீரும் என்றால் டேஞ்சர், நேரக்கூடும் என்றால் வார்னிங், சிறிய அல்லது மிதமான காயம் நேரக்கூடும் என்றால் காஷன், ஆளுக்குக் காயம் சம்பந்தமில்லாதது நோட்டிஸ். ஒரே பக்கத்தில் மூன்று வார்னிங் வருகிறதே, ஒன்றைக் காஷன் ஆக்கலாம் என்று நடைக்காக மாற்றுவதற்கு எடிட்டருக்கு உரிமை இல்லை. இடர் மதிப்பீடு செய்தவர்தான் அந்தச் சொல்லைத் தீர்மானிக்க வேண்டும். எடிட்டர் பார்க்க வேண்டியது வேறு: என்ன ஆபத்து, விட்டால் என்ன ஆகும், எப்படித் தவிர்ப்பது என்ற மூன்றும் இருக்கிறதா, சம்பந்தப்பட்ட படிக்கு முன்னால் வந்திருக்கிறதா.

---

நீலமை

சான்றிதழ் பற்றி. பழைய வழிகாட்டிகளில் தொழில்நுட்பத் தொடர்புச் சங்கமான எஸ்டிசியின் சான்றிதழை எடுக்கச் சொல்லியிருப்பார்கள். 1953இல் தொடங்கிய அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் திவால் அறிவித்து மூடப்பட்டுவிட்டது. அந்த வரியைப் பார்த்தால் தாண்டிப் போங்கள்.

உயிர் அறிவியல், மருத்துவப் பிரதி என்றால் 1991இல் அமைந்த பெல்ஸ் வாரியத்தின் தேர்வு மதிப்புள்ளது. ஆனால் அது படிப்பு இல்லை, ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதிக்கும் தேர்வு. உங்கள் இயந்திரக் கையேடுகளுக்கு அது பொருந்தாது. பொதுவான எடிட்டிங், மெய்ப்பு படிப்புகளுக்குப் பிரிட்டனின் எடிட்டர், மெய்ப்பாளர் சங்கமான சிஐஇபி இருக்கிறது. 2020இல் சாசனம் பெற்ற நிறுவனமாக மாறியது, படிநிலை உறுப்பினர் முறை உண்டு, மேல் படிகளுக்குப் பயிற்சியும் அனுபவமும் காட்ட வேண்டும். ஜெர்மனியின் டெக்கோம் தொழில்நுட்ப ஆவணத்துக்கென்றே உள்ள சங்கம்.

தனியாகத் தொழில் செய்பவருக்குச் சான்றிதழ் கதவைத் திறக்கும். குழுவுக்குள் இருப்பவருக்கு அதன் பயன் குறைவு. எந்தப் படிப்பிலும் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் எடிட் செய்த பிரதியை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருப்பித் தருவாரா? வெறும் காணொளியும் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவும் என்றால் அந்த நேரத்தை மேலே வரிவரி சொன்ன பயிற்சியில் போடலாம்.

படிக்கத் தரங்கள் இரண்டு சொல்கிறேன். ஐஇசி/ஐஇஇஇ 82079-1, 2019 பதிப்பு: பயன்பாட்டுத் தகவலை எப்படித் தயாரிப்பது என்பதற்கான பன்னாட்டுத் தரம், அதைத் தயாரிப்பவர்களுக்கு என்ன திறன் வேண்டும் என்பதையும் பேசுகிறது. உங்கள் திட்டத்துக்கு மேலதிகாரியிடம் காரணம் காட்டவும் உதவும். அடுத்தது ஏஎஸ்டி-எஸ்டிஇ100, விமானப் பராமரிப்புக்காகப் பிறந்த எளிய ஆங்கிலம். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது, பத்தியில் ஆறு வாக்கியத்துக்கு மேல் கூடாது. உங்கள் ஆவணம் அந்தத் தரத்துக்கு உட்படாவிட்டாலும், ஒரு பக்கத்தை அந்த விதிப்படி மாற்றி எழுதுவது அருமையான பயிற்சி. 34 சொல் வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கும்போது நிபந்தனை எந்தப் பாதியோடு போகிறது என்பதை முடிவு செய்தாக வேண்டும். பொறியியல் ஆட்கள் பொருளை மாற்றுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இன்னொன்று, ‘எவ்வளவு எடிட் செய்ய வேண்டும்’ என்பதை வேலை தொடங்குமுன் முடிவு செய்யப் பழக்குங்கள். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1970களிலேயே எடிட்டிங்கை ஒன்பது வகையாகப் பிரித்து ஐந்து நிலைகளாக அடுக்கினார்கள். மிக லேசான நிலையில் ஒருங்கிணைப்பும் கொள்கைச் சரிபார்ப்பும் மட்டும், முழு நிலையில் ஒன்பதும். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நிலை போதும்: எண்ணும் சுட்டும் மட்டும், அதோடு மொழியும், அதோடு அமைப்பும். ஒவ்வொரு வேலையின் தலைப்பிலும் நிலை எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் நிலை வேலையில் வாக்கியத்தை மாற்றினால் அது தப்பு, மாற்றியது நன்றாக இருந்தாலும் தப்பு.

வரிவரி சொன்ன மதிப்பெண்ணில் ஒரு திருத்தம் வேண்டும். சந்தேகம் வந்து ஆசிரியரிடம் கேள்வியாக எழுப்பியதைப் புதுப் பிழைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் புதியவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

---

ஒற்றுமிகும்

தமிழ் ஆவணங்களுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் வேணும். ஆங்கிலத்துக்கான விதியை அப்படியே கொண்டுவந்தா வேலைக்காகாது. 20 சொல் வரம்பையே எடுத்துக்குங்க. ‘திறக்கப்படாதிருந்தால்’ தமிழ்ல ஒரு சொல், ஆங்கிலத்துல நாலஞ்சு. சொல்லை எண்ணாம செயலை எண்ணச் சொல்லுங்க. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல், அவ்வளவுதான்.

முதல் பாடம் இரு பொருள் வினைகள். ‘வடிகட்டியை மாற்றவும்’னா பழசை எடுத்துட்டுப் புதுசு போடணுமா, இடம் மாத்தி வைக்கணுமா, அமைப்பை மாத்தணுமா? ‘வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தவும்’னு எழுதினா சந்தேகமே இல்ல. குழுவுக்குன்னு ஒரு வினைப் பட்டியல் போடுங்க, 40 வினை போதும். கழற்று, அகற்று, பிரி, நீக்கு நாலுக்கும் தனித்தனி வேலை கொடுத்து எழுதிவையுங்க. மறுபடி பொருத்தப் போறதுக்குக் கழற்று, திரும்ப வராததுக்கு அகற்று, இந்த மாதிரி. அழகுக்காக ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடுறது கதையில நல்லாருக்கும், கையேட்டுல கூடாது. மெய்ப்பு பார்த்து வந்தவருக்கு இந்தப் பழக்கத்தை விடுறதுதான் கஷ்டமா இருக்கும்.

ரெண்டாவது, தடையும் இயலாமையும். ‘மூடியைத் திறக்கக் கூடாது’, ‘திறக்க முடியாது’, ‘திறக்க வேண்டியதில்லை’ மூணும் மூணு பொருள். தடை, இயலாமை, தேவையின்மை. மொழிபெயர்த்த பிரதியில ‘இயங்கும்போது மூடியைத் திறக்க முடியாது’ன்னு வரும். அது பூட்டு இருக்குன்னு சொல்லுதா, திறக்காதேன்னு சொல்லுதா? பூட்டு இல்லாத இயந்திரத்துல அந்த வாக்கியத்தை நம்பி ஒருத்தர் கையை வைப்பார். கூடாது, முடியாது, வேண்டியதில்லை மூணையும் தேடி ஒவ்வொண்ணையும் மூலத்தோட ஒப்பிடுற சுற்று தனியா இருக்கணும்.

மூணாவது, நிபந்தனையோட இடம். ‘மூடியைத் திறக்கவும், அழுத்தம் சுழியத்துக்கு வந்த பிறகு’ன்னு ஆங்கில வரிசையில எழுதுறாங்க. படிச்சுக்கிட்டே செய்யுறவர் காற்புள்ளிக்கு முன்னாலயே திறந்திருப்பார். தமிழ் தானாவே நிபந்தனையை முன்னால வைக்குற மொழி. ‘அழுத்தம் சுழியத்துக்கு வந்த பிறகு மூடியைத் திறக்கவும்.’ நம்ம மொழி பாதுகாப்பான வரிசையைச் சும்மாவே கொடுக்குது, அதைக் கெடுக்காம இருந்தாலே போதும்.

எல்லை காட்டும் சொல்லையும் பாருங்க. ‘10க்கு மேல்’னா 10 சேருமா? ‘10 வரை’, ‘10க்குள்’? ஒரு முறை முடிவு செஞ்சு, ‘10ம் அதற்கு மேலும்’, ‘10ஐத் தாண்டினால்’னு ரெண்டு வடிவத்தை மட்டும் வையுங்க. ‘இரண்டு மடங்கு அதிகம்’ வேண்டவே வேண்டாம், ரெண்டு மடங்கா மூணு மடங்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. ‘இரண்டு மடங்கு’ன்னு நிறுத்துங்க.

ஒற்று மிகுறதை வெறும் நடை விஷயமா நினைக்காதீங்க. ‘கைபிடி’க்கும் ‘கைப்பிடி’க்கும் வித்தியாசம் இருக்கு, முன்னது செயல், பின்னது பாகம். பாகப் பட்டியல்ல இருக்குற வடிவம் உரையிலயும் அச்சு அசலா இருக்கணும்.

கடைசியா, கண்ணுக்குத் தெரியாத பிழை. ஒருங்குறியில ‘கொ’வை ரெண்டு விதமா பதிவு செய்யலாம்: ஒகரக் குறி ஒரே எழுத்தா, இல்லன்னா ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா. பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும், சில செயலிகள்ல தேடினா ஒண்ணு மட்டும் கிடைக்கும். எல்லாத்தையும் மாத்து-ன்னு கொடுத்தா பாதி மாறாது. என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தோட ரெண்டு பதிவையும் ஒரே வடிவமா மாத்துற ஒருங்குறி முறை) ஓட்டினா இது சரியாயிடும். ஆனா ‘கௌ’வுக்குப் பதிலா ஒற்றைக் கொம்பு, க, ள போட்டு ‘கெள’ன்னு அடிச்சிருந்தா இயல்பாக்கம் தொடாது, அது வேற எழுத்து. பழைய எழுத்துருவிலேர்ந்து மாத்தின கோப்புகள்ல ‘ரி’க்குப் பதிலா கால் வாங்கி மேல இகரக் குறி உட்கார்ந்திருக்கும், ‘மாதிரி’ன்னு தேடினா வராது. எடிட்டிங்கைத் தொடங்குறதுக்கு முன்னால இந்த மூணையும் தேடிச் சுத்தம் பண்ணுறதை முதல் படியா வையுங்க.

---

படி7

எல்லோருக்கும் நன்றி. மூன்று நிலையும் வினைப் பட்டியலும் நாளைக்கே தொடங்கலாம். இன்னும் இரண்டு கேள்வி. ஆசிரியரிடம் கேள்வி எழுப்பப் பழக்குவது எப்படி? பொறியாளர்கள் பாதிக் கேள்விக்குப் பதிலே தருவதில்லை. அடுத்து, தானியங்கிச் சோதனைக் கருவிகள், மொழி மாதிரிகள் (எழுதவும் திருத்தவும் செய்யும் செயற்கை நுண்ணறிவு) இவற்றைப் பயிற்சியில் எப்போது சேர்ப்பது?

---

வரிவரி

பதில் வராத கேள்விகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ‘இது புரியவில்லை, தெளிவுபடுத்தவும்’ வகையாக இருக்கும். அதற்குப் பதில் எழுத ஆசிரியர் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

நல்ல கேள்வியில் இடம், முரண், இரண்டு வழி, விடை வராவிட்டால் என்ன செய்வோம் என்ற நான்கும் இருக்கும். இப்படி:

‘பக்கம் 12, படி 7: வெளியேற்று வால்வை மூடச் சொல்கிறது. படி 1 முதல் 6 வரை அந்த வால்வு திறக்கப்படவில்லை. (அ) படி 4க்குப் பின் திறக்கும் படி விடுபட்டதா? (ஆ) படி 7 உள்ளீட்டு வால்வைச் சொல்கிறதா? அ அல்லது ஆ என்று பதில் போதும். பதில் வரும்வரை இந்தப் பக்கம் வெளியீட்டில் சேராது.’

படிக்க அரை நிமிடம், பதில் ஓர் எழுத்து. வாரத்துக்கு ஒரு முறை மூவரும் தங்கள் கேள்விகளில் ஐந்தை மாற்றிக்கொண்டு, மற்றவர் கேள்வியை இந்த வடிவத்துக்குத் திருப்பி எழுதட்டும். அரை மணி நேரப் பயிற்சி. கவனிக்க வேண்டியது ஒன்று: அ, ஆ இரண்டும் தப்பாக இருக்க வாய்ப்பிருந்தால் ‘வேறு’ என்று ஓர் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் இருக்கும் பொறியாளர் கிட்டத்தட்டச் சரியானதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுவார்.

நீலமை சொன்ன திருத்தம் சரிதான். கேள்வியாக எழுப்பியதற்குக் கழிவு வேண்டாம். விதைத்த பிழையின் மேல் கேள்வி எழுப்பியிருந்தால் பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

விதைக்க நேரமில்லாத மாதத்தில் உண்மை ஆவணத்திலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. இருவர் ஒரே பிரதியை ஒருவருக்கொருவர் காட்டாமல் எடிட் செய்யட்டும். ஒருவர் 18 பிழை, மற்றவர் 15, இருவருக்கும் பொதுவானவை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18ஐ 15ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் 27. ஆவணத்தில் சுமார் 27 பிழை இருந்திருக்கும் என்ற மதிப்பீடு. இருவரும் சேர்ந்து பிடித்தவை 18 கூட்டல் 15 கழித்தல் 10, ஆக 23. இன்னும் நான்கு உள்ளே இருக்கிறது. பொதுவானவை நான்கைந்துக்குக் கீழே போனால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். எளிய பிழைகளை இருவருமே பிடிப்பார்கள் என்பதால் மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கு என்று வந்தால் குறைந்தது நான்கு என்று படியுங்கள்.

---

கட்டளைவரி

கருவிகளை மூன்றாவது மாதத்துக்குப் பிறகு சேருங்கள். முதல் நாளிலிருந்தே கொடுத்தால் கருவி கோடு போட்ட இடத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

உரைச் சோதனைக்கு வேல் என்ற இலவசக் கருவி போதும். விதிகளை யாமல் என்ற எளிய உரை வடிவில் சிறு கோப்புகளாக எழுதலாம், ஒவ்வொரு விதிக்கும் பரிந்துரை, எச்சரிக்கை, பிழை என்று மூன்று கடுமை உண்டு. பத்து விதியோடு ஆரம்பியுங்கள். விதியை எழுதுவதே பயிற்சி: குழுவில் ஒருவர் மூன்று முறை விட்ட பிழைக்கு அவரே விதி எழுதட்டும். ஒரு விதி காட்டும் இடங்களில் பாதிக்கு மேல் பிழையில்லாதவை என்றால் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற ஒன்பதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். தமிழுக்கு எழுதும்போது சொல் எல்லையைக் கருவி எப்படி அறிகிறது என்று முதலில் சோதியுங்கள். உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாத தேடல் முறை சொல்லின் நடுவில் எல்லை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ‘மாற்றவும்’ உள்ள வாக்கியம் ஐந்து, இல்லாதது ஐந்து என்று ஒரு சிறு கோப்பு வைத்து ஓட்டினால் உடனே தெரியும்.

ஆவணங்கள் கிட்டில் (கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) இருந்தால் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம் என்று உடைத்து வையுங்கள். ஒரு சொல் மாறினால் அந்த வாக்கியம் மட்டும் ஒப்பீட்டில் வரும். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் என்ன மாறியது என்று தேடுவதிலேயே கண் சோர்ந்துவிடும்.

மொழி மாதிரிகளை மனிதரைச் சோதிப்பது போலவே சோதியுங்கள். வரிவரியின் விதைத்த பிரதியைக் கொடுத்து அதே இரண்டு எண்களை எடுங்கள். எழுத்துப் பிழையில் நன்றாக வரும். கவலைப்பட வேண்டியது இரண்டாவது எண்: சரியான கலைச்சொல்லை ‘மேம்படுத்தி’ வேறொன்றாக்குவது, ‘கூடாது’வை மென்மையாக்குவது, எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றுவது. இவை நல்ல நடையில் வருவதால் மனிதப் பிழையைவிட எளிதாகக் கண்ணைத் தாண்டும்.

அதனால் மொழி மாதிரி தொட்ட எந்தக் கோப்புக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள். முன், பின் இரண்டு கோப்பிலிருந்தும் எல்லா எண்களையும் வரிசை மாறாமல் தனிக் கோப்பாக உருவி எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஓர் எண் கூடினாலோ குறைந்தாலோ மாறினாலோ காரணம் எழுத வேண்டும். வினைப் பட்டியலில் உள்ள 40 சொல்லுக்கும் இதே ஒப்பீடு. ஒரு சிறு நிரல் எழுதினால் ஒரு நிமிட வேலை. ஆவணத்தை வெளியே அனுப்ப உரிமை இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

---

அளவுகோல்

வாரம் நான்கு மணி என்றால் இப்படிப் பிரிக்கலாம். முதல் எட்டு வாரம்: ஒரு மணி எண் சுற்று, ஒரு மணி கேள்வி எழுதுவதும் வினைப் பட்டியலும், இரண்டு மணி ஒருவர் எடிட் செய்ததை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துத் திருப்பித் தருவது. கடைசியாகச் சொன்னதை, சாதனத்தோடு செய்து பார்க்கும் வாரம் தவிர, எந்த வாரமும் வெட்டாதீர்கள். மெய்ப்பு பார்த்தவரையும் பொறியியல் படித்தவரையும் ஜோடி சேருங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் பாடப்புத்தகம்.

ஒன்பதாவது வாரம் இரண்டாவது விதைத்த பிரதி. அதில் எந்த வகையில் பிடித்தது ஐந்தில் மூன்று பங்குக்குக் கீழே இருக்கிறதோ அதற்கு மட்டும் நேரம் கூட்டுங்கள். சாதனத்தோடு செய்து பார்ப்பதை மாதத்தில் ஒரு வாரத்தின் நான்கு மணியையும் எடுத்து மொத்தமாக வையுங்கள், பிரித்தால் நடக்காது. வேலை நெருக்கடி வந்தால் முதலில் கருவிப் பயிற்சியை விடுங்கள்.

---

படி7

சரி. முதல் பிரதிக்கு ஒரு பம்பின் பராமரிப்பு அத்தியாயத்தை எடுக்கிறேன், 2,100 சொல் வருகிறது, அட்டவணை மூன்று. எண் பிழை ஐந்தில் ஒன்றாக அந்த வெப்பநிலை உயர்வையே வைக்கிறேன்.